ஏழு மட்டும் உட்காரக் கூடாது

ஒன்பதைத் தலைகீழாகப் பிடித்தால் ஆறாகிவிடும் என்பதை ஜெயசித்ரா யோசிக்கவே இல்லை.

"டீச்சர், எழுநூத்து முப்பத்தாறு ரெட்டைப்படை ஆச்சுங்களே? இதைப் போய் வகுபடாதுங்கறீங்களே?" என்று வகுப்பறை வாசலில் நின்று தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் கேட்டபோதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். உட்காராமல் மிஞ்சி நின்ற மூன்று பேரில் கடைசிப் பையன் அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மின்விசிறியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியர் தமிழ் படித்தவர். அவர் கண்ணிலேயே பட்டுவிட்டது என்றால் நாளைக்குக் கல்வி அதிகாரி கண்ணில் படாதா?

"அது ஒன்பது சார். பையன் மாத்திப் புடிச்சுட்டான்."

"நாளைக்கும் மாத்திப் புடிப்பானே டீச்சர்."

நாளைக்குக் கணித நாள் விழா. விக்கிரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் சித்தேரிக்காடு அரசு மேல்நிலைப் பள்ளியில் இப்படியொரு விழா நடப்பது இதுவே முதல் தடவை. நடத்தியே தீர்வது என்று ஜெயசித்ரா நிற்பதற்குக் காரணம் இருந்தது. பதினோராம் வகுப்புக் கணிதப் பிரிவில் மொத்தமே ஆறு பேர். அடுத்த ஜூனிலும் இப்படியே இருந்தால் பிரிவை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. எடுத்துவிட்டால் அவளுக்கு வேறு ஊருக்கு மாறுதல். அது கூடப் பரவாயில்லை. பத்தாம் வகுப்பில் இலக்கியா என்றொரு பெண் இருந்தாள். எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். ஜெயங்கொண்டத்துக்கு இரண்டு பஸ் மாறி அனுப்பிக் கணக்குப் படிக்க வைக்க அவள் அப்பா அங்கமுத்து சம்மதிக்க மாட்டார் என்பது ஜெயசித்ராவுக்குத் தெரியும்.

அதனால் அதிகாரியும் பெற்றோரும் வாயைப் பிளந்து பார்க்கிற மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும். ஒரு வாரம் யோசித்து அவள் பிடித்தது ஒரே ஓர் எண்ணை.

73939133.

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதோடு முடியவில்லை. கடைசி இலக்கத்தை வெட்டிப் போட்டால் மிஞ்சுகிற 7393913 பகா எண். அதிலும் கடைசியை வெட்டினால் 739391, அதுவும் பகா எண். இப்படியே வெட்டிக்கொண்டே போனாலும் கடைசியில் தனியாக நிற்கும் ஏழு வரைக்கும் எல்லாமே பகா எண்தான். இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது உலகத்திலேயே கிடையாது.

எட்டுப் பேரை மேடையில் நிறுத்தி ஆளுக்கொரு அட்டை கொடுப்பது, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக உட்கார வைப்பது. இதுதான் திட்டம். ஆனால் இருப்பது ஆறு பேர். வணிகவியல் பிரிவில் இரண்டு பேரைக் கேட்டதற்கு, "கணக்குலேருந்து தப்பிச்சுத்தானே டீச்சர் இங்க வந்தோம்" என்றுவிட்டார்கள். பத்தாம் வகுப்பை ஏற்றினால் பார்ப்பதற்கு ஆள் இருக்காது. கடைசியில் வாட்ச்மேன் வைரக்கண்ணுவும் சத்துணவு சமையல்காரி ராசாத்தியும் அகப்பட்டார்கள்.

கடைசி மூன்று வைரக்கண்ணுவுக்கு. முதல் ஏழு ராசாத்திக்கு. பள்ளிக்கு ஒரு நாள்கூட லீவு போடாத ஆள் அவள் ஒருத்திதான்.

"ராசாத்தி, எல்லாரும் உக்காந்தாலும் நீங்க மட்டும் உக்காரக் கூடாது. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

"பகா எண்ணுன்னா என்னன்னு தெரியணுமில்ல, யாராச்சும் கேட்டா? இப்ப உங்ககிட்ட ஏழு முட்டை இருக்குன்னு வைங்க. பிள்ளைங்களுக்கு மிச்சமில்லாம சமமாப் பிரிச்சுக் குடுக்க முடியுமா?"

ராசாத்தி கொஞ்சம் யோசித்தாள். "ஏழு பிள்ளைங்க இருந்தா ஆளுக்கொண்ணு குடுக்கலாம் டீச்சர். ஒரு பிள்ளை இருந்தா ஏழையும் அதுக்கே குடுத்துடலாம்."

"அதை வுட்டுடுங்க! அது ரெண்டும் இல்லாம!"

"அப்ப முடியாது."

"அதான் பகா எண். முட்டையை மனசுல வெச்சுக்குங்க, மறக்காது" என்று ஜெயசித்ரா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பாடம் நடத்துவது தனக்குக் கைவந்த கலை என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

இப்போது இந்த ஒன்பது. அட்டையைக் கையில் கொடுப்பதால்தானே கவிழ்க்கிறார்கள்? கழுத்தில் மாட்டிவிட்டால்? அட்டைகளுக்குத் துளை போட்டு நூல் கோக்கச் சொல்லி வைரக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. இரண்டு ஒன்பதுக்கும் அடிப்பக்கத்தில் துளை. மாட்டிப் பார்த்தால் இரண்டுமே நிரந்தரமாக ஆறு.

"ஏங்க, இது ஒன்பதுங்க!"

"ஆறுன்னுல்ல டீச்சர் நெனச்சேன்" என்றார் வைரக்கண்ணு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "ரெண்டுக்கும் என்னங்க டீச்சர் பெரிய வித்தியாசம்? ஒரே எழுத்துதானே."

"இருபத்து மூணால வகுபட்டுடும்! அதாங்க வித்தியாசம்!"

வேறு அட்டை இல்லை. அட்டை வாங்க அரியலூருக்குத்தான் போக வேண்டும். ஜெயசித்ரா அசரவில்லை. இரண்டு அட்டைகளின் பின்பக்கத்தில் துளை மேலே இருக்கிற மாதிரி வைத்துக் கொட்டை எழுத்தில் ஒன்பது எழுதினாள். பிரச்சினை தீர்ந்தது.

மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். மார்கழிக் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. ஒன்பது, ஆறு, ஒன்பது, ஆறு என்று இரண்டு அட்டைகளும் கழுத்தில் கிடந்து ராட்டினமாடின.

"ஊக்கு குத்திட்டா திரும்பாது டீச்சர்" என்ற ராசாத்தி, தாலிச் சரட்டில் கொத்தாக மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றிக் கொடுத்தாள். எல்லார் அட்டையையும் உடுப்போடு சேர்த்துக் குத்தியதும் ஒன்பதுகள் அடங்கின.

"பரவாயில்லையே!" என்று ஜெயசித்ரா பாராட்டினாள்.

"டீச்சர், நாளைக்கு யாரு வராங்க? புதுசா வந்திருக்கிற நர்மதா மேடமா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... டீச்சர், ஒண்ணு சொல்லவா?"

"சாப்பாட்டை டேஸ்ட் பண்ணிப் பாப்பாங்களோன்னு பயமா? உப்பு மட்டும் பாத்துப் போடுங்க, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

ராசாத்தி தலையாட்டிவிட்டுச் சமையற்கூடத்துக்குப் போனாள்.

மறுநாள் பத்தரை மணிக்கு விழா. அதிகாரி வந்தது பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் பத்தாம் வகுப்பு கொட்டாவி விட ஆரம்பித்திருந்தது. வந்திருந்த முப்பது பெற்றோரில் பத்துப் பேர் களையெடுக்க ஆள் விட்டிருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். அங்கமுத்து மட்டும் மகளுக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு, உதவியாளர் முத்தாயியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ராசாத்தி ஓடி வந்தாள்.

நர்மதா மேடம் ஜெயசித்ரா வயதுதான் இருப்பார். கண்ணாடி, காட்டன் புடவை, சிரிக்காத முகம். நாற்காலியில் உட்கார்ந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடைக்கு வலப்பக்கம் ஏறுவதாகத்தான் ஒத்திகை. ஆனால் அந்தப் படியை அடைத்துக்கொண்டு சவுண்ட் சர்வீஸ்காரர் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியை வைத்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நகத்துங்க."

"நகத்துனா கரண்டு போயிடும் டீச்சர். பரவால்லியா?"

"சரி, இந்தப் பக்கமா ஏறுங்க! சீக்கிரம்!" என்று ஜெயசித்ரா இடப்பக்கப் படியைக் காட்டினாள்.

முதல் ஆளான ராசாத்தி ஏறும்போது ஒரு நொடி தயங்கினாள். "டீச்சர், இப்படி ஏறினா..."

"ஏறுங்க ராசாத்தி! மேடம் வாட்ச்சைப் பாக்கறாங்க!"

எட்டுப் பேரும் ஏறி நின்றார்கள். ஜெயசித்ரா மைக்கைப் பிடித்தாள். வரிசை அவளுக்கு முதுகுப் பக்கம்.

"அனைவருக்கும் வணக்கம். இதோ நீங்க பாக்கறது ஒரு பகா எண். இதை எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. வேணும்னா முயற்சி பண்ணிப் பாருங்க!"

அந்தச் சவாலை அவள் விட்டிருக்க வேண்டாம். முன்வரிசையில் இலக்கியாவின் பேனா ஓடத் தொடங்கியது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"டீச்சர், போவுது டீச்சர்! ஏழால போவுது! நாப்பத்தேழு லட்சத்து நாப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு தடவை. மீதி இல்ல!"

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வகுப்பு 'ஓ' என்று எழுந்தது. ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தாள். முதலில் ஏறிய ராசாத்தி உள்ளே போய் மறுகோடியில் நிற்க, கடைசியில் ஏறிய வைரக்கண்ணு படியோரம் நின்றார். கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு எண் அப்படியே தலைமாறி, மூன்று கோடியே முப்பத்தொரு லட்சத்துச் சொச்சமாக இருந்தது.

அந்தக் குழப்பத்திலும், அதை ஒரே நிமிஷத்தில் வகுத்துக் காட்டிய பெண்ணை நினைத்து உள்ளே ஒரு மூலையில் பெருமையாக இருந்தது.

"திரும்பி நில்லுங்க!" என்று அவள் வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

எட்டுப் பேரும் பணிவாகத் திரும்பி நின்றார்கள். சபைக்கு எட்டு முதுகுகள் தெரிந்தன. பெற்றோர் பக்கம் ஒருவர் கைதட்டிவிட்டார், அதுதான் நிகழ்ச்சி என்று.

"ஐயோ, அப்படி இல்ல! இந்தக் கோடி ஆள் அந்தக் கோடிக்கு!"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் நடந்தார்கள். நடுவில் இரண்டு ஒன்பதும் மோதிக்கொண்டன. "ஸ்ஸ்... ஊக்கு குத்திருச்சு!" என்று ஓர் ஒன்பது துள்ளியது. ராசாத்திதான் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து, "நீ இங்க, நீ அங்க" என்று இடம் மாற்றி நிறுத்திவிட்டுத் தான் போய் இடக்கோடியில் நின்றாள். ஒருவழியாக எண் நேரானது.

ஜெயசித்ரா ஓரக்கண்ணால் அதிகாரியைப் பார்த்தாள். நர்மதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேடையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, கணிதப் பிரிவு இன்றைக்கே போச்சு என்று தோன்றியது. ஆனாலும் மைக்கை விடுவதாக இல்லை.

"இப்பத்தான் சரியான எண். இதுல என்ன அதிசயம்னா..."

"மாடு! டீச்சர், மாடு!"

கத்தியது கடைசி மூன்று. வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை ஒரு மாடு இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. நெஞ்சில் மூன்றோடு வைரக்கண்ணு மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

சபை சிரித்தது. ஜெயசித்ரா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"பாத்தீங்களா? கடைசி ஆள் போயிட்டாரு. எண் உடைஞ்சுதா? உடையல! மிஞ்சி நிக்கிற எழுபத்து மூணு லட்சத்துச் சொச்சமும் பகா எண்தான்! இலக்கியா, வகுத்துப் பாரும்மா!"

இலக்கியா குனிந்தாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று... "போவல டீச்சர்!" என்றாள். முதல் தடவையாக உண்மையான கைதட்டல் விழுந்தது.

"அடுத்த ஆள் உக்காரு!" அடுத்த மூன்று உட்கார்ந்தது. "இதுவும் பகா எண்!" மறுபடி கைதட்டல். மாட்டை விரட்டிவிட்டு வாசலிலேயே நின்ற வைரக்கண்ணுகூடத் தட்டினார்.

ஜெயசித்ராவுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மேடைப் படியோரம் முத்தாயி வந்து நின்று கையை உதறினாள்.

"அக்கா! சாம்பாரு அடிப்புடிக்குதுக்கா! எனக்குத் தூக்கி எறக்க முடியலக்கா!"

காற்றில் கருகல் வாசனையும் வந்தது. இருநூறு பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாடு. ராசாத்தி ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"நீங்க போகக் கூடாது!" என்று ஜெயசித்ரா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "யாரு வேணா போலாம், நீங்க போனா எல்லாம் போச்சு!"

"பிள்ளைங்க பசிச்சிருக்கும் டீச்சர்."

ஜெயசித்ரா ஒரு நொடிதான் யோசித்தாள். ராசாத்தி மேலிருந்த ஏழைப் பிடுங்கித் தன் புடவையில் குத்திக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றாள். ஏழு பிழைத்தது. நின்ற பிறகுதான் தெரிந்தது, மைக்கில் ஆள் இல்லை. அங்கிருந்து நகர்ந்தால் ஏழும் நகர்ந்துவிடும். எழுந்து வந்த தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "இத்துடன் இவ்விழா இனிதே..." என்று ஆரம்பித்தார்.

படியிறங்கப் போன ராசாத்தி நின்றாள். "சார், ஒரே நிமிஷம்" என்று மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கங்க. டீச்சர் ஏன் என்னையப் புடிச்சு நிறுத்துனாங்கன்னு நெனப்பீங்க. இந்த வரிசையில கடைசியிலேருந்து யாரு போனாலும் மிச்சத்தைப் பிரிக்க முடியாது. ஆனா மொத ஆளு போயிட்டா பொசுக்குனு உடைஞ்சுடும். இப்ப நான் போனா மிச்சம் முப்பத்தொம்பதாயிரத்து முந்நூத்துத் தொண்ணூத்தொண்ணு. பதினொண்ணால வகுபட்டுடும். மூவாயிரத்து ஐநூத்து எம்பத்தோரு தடவை. அதனாலதான் டீச்சர் ஏழைத் தன் மேல மாட்டிக்கிட்டாங்க. மிச்சப் பேரு ஒவ்வொருத்தரா உக்காருங்கப்பா. ஏழு மட்டும் உக்காராது."

மைக்கைத் தலைமையாசிரியர் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள்.

இலக்கியா வகுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினாள். "சரியா இருக்கு டீச்சர்!" கைதட்டலில் ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்தது. ஒன்று உட்கார்ந்தது, ஒன்பது உட்கார்ந்தது, மூன்று, ஒன்பது, மூன்று என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியில் ஏழு மட்டும், புடவையில் குத்திய ஊக்கு தோளைக் கீறக் கீற, தனியாக நின்றது.

பதினொன்று. அது யார் சொன்னது இவளுக்கு? என்று அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஜெயசித்ராவுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஒத்திகையில் தான்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று அதை அடக்கிக்கொண்டாள்.

கீழே இறங்கியதும் அங்கமுத்து வந்து நின்றார். "டீச்சர், எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா எம்பொண்ணு இப்படிக் கத்தி நான் பாத்ததில்ல. கணக்குலயே போட்டுடுங்க." அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

நர்மதா மேடம் எழுந்து வந்தார். "ஒரு வருஷம் டைம் தரச் சொல்லி எழுதறேன். ஆள் சேத்துக் காட்டுங்க" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "சமையற்கூடம் எங்க இருக்கு?" என்றார்.

ஜெயசித்ராவுக்குப் பகீரென்றது. கருகின சாம்பார்!

"மேடம், இன்னைக்குச் சாம்பார் லேசா அடிப்புடிச்சிருக்கும். அவங்க மேல தப்பில்ல மேடம், நான்தான் மேடையில நிக்க வெச்சுட்டேன்" என்று பின்னாலேயே ஓடினாள். "ஆனா ஒண்ணு மேடம், அவங்களுக்குக் கணக்குன்னா என்னன்னே தெரியாது. முட்டையை வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். ஒரே நாள்ல எப்படிப் புடிச்சுக்கிட்டாங்க பாத்தீங்களா! எப்படிச் சொல்லிக் குடுக்கறோம்ங்கறதுலதான் மேடம் எல்லாம் இருக்கு."

சமையற்கூடத்தில் சாம்பார் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரியைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அதுவரை சிரிக்காத நர்மதா மேடம் வாய் விட்டுச் சிரித்து, கரி படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஜெயசித்ரா பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷமும் இவ நோட்டைப் பாத்து எழுதித்தான் டீச்சர், நான் பி.எஸ்ஸி. மேத்ஸே பாஸ் பண்ணேன்!"